வானொலியில் மூன்று பொய்

வியாழக்கிழமை மதியம், ஆட்டம் சூடு பிடித்திருந்த நேரத்தில், ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை சொல்லும் வெர்னன் ஃபாயின் குரல் பாதி வாக்கியத்தில் அறுந்து விழுந்தது.

"பந்து உயர எழும்புது... சென்டர் ஃபீல்டர் பின்னாலயே ஓடறான்... வேலியத் தாண்டி, பாலத்துப் பக்கம்... ஐயோ, கடவுளே! அந்த ஆள..."

அவ்வளவுதான். மார்லோஸ்பர்க் ஊரே தன் ரேடியோவைத் தட்டிப் பார்த்தது. சலூனில் சவரக் கத்தி அந்தரத்தில் நின்றது. பிறகு குரல் திரும்பியது. "மன்னிக்கணும். தொண்டை கட்டிக்கிச்சு" என்றது. ஆனால் அது கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரலாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் வெர்னன் பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போனார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. மறுநாள் காலை பாலத்துக்குக் கீழே ஒரு லாரி டிரைவரின் பிணம் ஒதுங்கியது. குடித்துவிட்டுத் தவறி விழுந்திருப்பான் என்றது போலீஸ்.

ஞாயிற்றுக்கிழமை. ஆகஸ்ட் வெயில் தெருவின் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. துப்பறிவாளர் ஐவர் ப்ரைஸின் அலுவலகத்தில் ஒருவன் வந்து உட்கார்ந்தான். அகலமான தோள், புது வைக்கோல் தொப்பி, கழுத்தில் வழியும் வியர்வை.

"என் பேரு எல்வுட் ஃபாய். வெர்னனோட அண்ணன். ஒஹாயோலேர்ந்து காரை ஓட்டிட்டு வரேன்."

ப்ரைஸின் உதவியாளர் ஸ்டெல்லா மஸூர் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பினாள். "இது காத்து குடுக்காது சார். அனுதாபம் மட்டும் காட்டும்."

அவன் சிரிக்கவில்லை.

"என் தம்பிய யாரோ கடத்தி வெச்சிருக்காங்க. ரேடியோ ஸ்டேஷனுக்கு தினமும் போன்ல பேசறான். உடம்பு சரியில்ல, ஓய்வெடுக்கறேன், ஆட்டத்துக்கு முன்னாடி வர்ற துணுக்குகள மட்டும் போன்லயே சொல்றேங்கறான். எங்கேர்ந்து பேசறான்னு யாருக்கும் தெரியாது. போலீஸ்ல சொன்னா சிரிக்கறாங்க."

"எங்ககிட்ட ஏன் வந்தீங்க?" என்றார் ப்ரைஸ்.

"இன்னிக்கு நிகழ்ச்சியில எனக்கு ஒரு சேதி சொல்லுவான். அப்படித்தான் முன்னாடியே பேசி வெச்சிருக்கோம். ஆனா நான் இருக்கற பதற்றத்துல எனக்குப் புரியுமான்னு சந்தேகமா இருக்கு. பேஸ்பால் விஷயத்துல இந்த ஊர்ல உங்கள மிஞ்ச ஆள் இல்லன்னாங்க."

"சின்ன வயசுல ரெண்டு பேரும் சேர்ந்து ஆட்டம் பாப்பீங்களா?"

"பாக்கறதா? ஸ்கோர் கார்டு எழுதி முடிச்சாத்தான் எங்க வீட்ல ராத்திரி சாப்பாடே."

ஸ்டெல்லா ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். ஒஹாயோ எண் பலகை மாட்டிய பச்சை நிற ப்யூக் கார் தெருவோரம் நின்றிருந்தது. எதிர் வரிசையில் மேப்பிள் மர நிழல் நீண்டு கிடக்க, இந்தக் கார் மட்டும் ஆள் நடமாட்டமில்லாத பக்கத்தில், கொதிக்கும் வெயிலில் நின்றது. கண்ணாடிகள் ஏற்றியிருந்தன. உள்ளே ரேடியோ அலறியது.

"சார், உங்க கார் தனியா உக்காந்து மேட்ச் கேக்குது. பேட்டரி போயிடும்."

"பரவாயில்ல. விடு" என்றான் அவன். சட்டென்று, கொஞ்சம் கடுமையாக.

ப்ரைஸ் மேஜை மேலிருந்த ரேடியோவைத் திருகினார். விளம்பரம் ஒன்று ஓடி முடிந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. மெலிந்திருந்தது, ஆனால் வெர்னனின் குரல்தான்.

"வணக்கம் மார்லோஸ்பர்க். இன்னிக்கு நாலு அதிசயம் சொல்றேன். ஒண்ணு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல ஃபிலடெல்ஃபியா மைதானத்துல ஒரு தில்லுமுல்லு நடந்துச்சு. தூரத்துல ஒருத்தன் பைனாகுலர்ல அடுத்து எப்படிப் பந்து வீசணும்னு எதிரணி கேட்சர் காட்டற சைகையப் பாப்பான். மின்சாரக் கம்பி வழியா சேதி அனுப்புவான். மண்ணுக்கடியில பொதைச்ச பெட்டி கோச்சோட காலுக்குக் கீழ கிர்ருனு அதிரும். எதிரணி ஆள் ஒருத்தன் ஷூ முள்ளால மண்ணக் கிளறினான், குட்டு வெளிப்பட்டுச்சு. அந்தக் கோச் நின்னது முதல் பேஸ் பக்கம்."

ஸ்டெல்லாவின் புருவம் உயர்ந்தது.

"ரெண்டு. ரெண்டாவது பேஸ்ல நின்ன ஒருத்தன், எதிரணியக் குழப்பறதுக்காகத் முன்னால போகாம, திரும்பி ஓடி முதல் பேஸத் தொட்டு அதையே திருடினான். இப்ப அப்படி ஓடக் கூடாதுன்னு விதியே இருக்கு. மூணு. போன வருஷம், நம்ம வில்லியம்ஸ்போர்ட்ல, ஒரு கேட்சர் தோலுரிச்ச வெங்காயத்தப் பந்து மாதிரி தூக்கி எறிஞ்சான். பந்து போயிடுச்சுன்னு நம்பி ரன்னர் ஹோம் பேஸுக்கு ஓடி வந்தான். நெஜப் பந்தோட கேட்சர் அவனுக்காகக் காத்துட்டிருந்தான்..."

"வெங்கா..." ஸ்டெல்லா வாயைத் திறந்தாள். மேஜைக்கடியில் ப்ரைஸின் பூட்ஸ் அவள் பாதத்தின் மேல் அழுத்தமாக இறங்கியது. வாய் மூடிக்கொண்டது. கண்ணில் நீர் முட்டியது.

"நாலு. ஒரு அணி ஆடாம விட்டுக் குடுத்தா, எதிரணி ஏழுக்கு பூஜ்யம்னு ஜெயிச்சதா பதிவு பண்ணுவாங்க. ஒரு பந்து கூட வீசாட்டியும் சரி. இன்னிக்கு அவ்வளவுதான். ஜாக்கிரதையா இருங்க."



"புரிஞ்சுதா?" வந்தவன் நாற்காலி நுனிக்கு வந்திருந்தான்.

"யோசிக்கணும். எனக்கு ஆட்டம் கேட்டாத்தான் மூளை ஓடும்" என்றார் ப்ரைஸ். ஒரு ஸ்கோர் கார்டையும் பென்சிலையும் அவனிடம் தள்ளினார். "வழக்கமா நான் எழுதுவேன். இன்னிக்கு எனக்காக நீங்க எழுதுங்களேன். உங்களுக்குத்தான் பழக்கமாச்சே."

ரேடியோவில் மாற்று ஆள் ஒருவர் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். ப்ரைஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஸ்டெல்லா காலைத் தடவிக்கொண்டே பியரோகி கொழுக்கட்டை டப்பாவைத் திறந்தாள். வந்தவன் பென்சிலைக் குத்துவாள் பிடிப்பதுபோல் பிடித்து எழுதிக்கொண்டிருந்தான்.

"மூணாவது ஸ்டிரைக்!" ரேடியோ கத்தியது. "பேட்டர் மட்டையக் கூட அசைக்கல! சிலை மாதிரி நின்னே அவுட்!"

பென்சில் கட்டத்துக்குள் ஓர் எழுத்தைக் கிறுக்கியது. ப்ரைஸ் அரைக் கண்ணால் பார்த்தார். எழுந்தார்.

"கிடைச்சுடுச்சு. இருங்க, ஒரு போன் பண்ணி உறுதி பண்ணிக்கறேன்."

பக்கத்து அறையில் தாழ்ந்த குரலில் பேசிவிட்டுத் திரும்பினார்.

"உங்க தம்பி கெட்டிக்காரர். முதல் பேஸ், வெங்காயம், ஏழு. இந்த மூணையும் சேருங்க. முதல் தெருவுல காய்கறி மார்க்கெட் இருக்கு, அதுல ஏழாம் நம்பர் கடை. இன்னிக்கு மார்க்கெட் லீவு. ஒளிச்சு வைக்கத் தோதான இடம்."

"நீங்க வர வேணாம். நானே பாத்துக்கறேன்." அவன் ஏற்கெனவே கதவருகில் இருந்தான். படிகள் தடதடத்தன. பச்சைக் கார் சீறிக்கொண்டு கிளம்பியது.

ஸ்டெல்லா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பாஸ், முதல்ல என் கால் விரலுக்கு இரங்கல் கூட்டம் நடத்துங்க. ரெண்டாவது, அந்தக் கோச் நின்னது மூணாவது பேஸ் பக்கம். அந்தக் கேட்சர் எறிஞ்சது உருளைக்கிழங்கு, ஊருக்கே தெரியும். விட்டுக் குடுத்த ஆட்டத்துக்கு ஒன்பதுக்கு பூஜ்யம். வெர்னன் இப்படி உளறவே மாட்டார்!"

"உளறல. பொய் சொன்னார். அந்த முதல் பேஸ் திருட்டு மட்டும்தான் நெஜம். மத்த மூணுலயும் எதச் சொல்லாம மறைச்சாரோ அதுதான் சேதி."

"மூணு... உருளைக்கிழங்கு... ஒன்பது." ஸ்டெல்லாவின் வாயில் பியரோகி பாதியில் நின்றது. "மூணாவது தெருவுல மூடிக் கெடக்கற சிப்ஸ் ஆலை! ஒன்பதாம் நம்பர் கிடங்கு! அப்போ அண்ணனுக்கு ஏன் தப்பான எடத்தச் சொன்னீங்க?"

ப்ரைஸ் ஸ்கோர் கார்டை அவள் முன் வைத்தார். கட்டத்துக்குள் ஆங்கில எழுத்து கே, நேராக நின்றது.

"மூணு ஸ்டிரைக்ல அவுட்டானா கே போடணும். மட்டைய வீசித் தவறினா நேர் கே. அசையாம நின்னு அவுட்டானா, கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பின கே. ஸ்கோர் எழுதி வளந்தவன் தூக்கத்துல கூட இதத் தப்பா எழுத மாட்டான். அதோட, தம்பி சொன்ன மூணு பொய்யும் அண்ணனுக்கு உடனே உறைச்சிருக்கும். என்னத் தேடி வந்திருக்க வேண்டியதே இல்ல."

"அப்ப அவன் யாரு?"

"வெர்னனத் தேடறவன். கடத்தல் எல்லாம் கதை. வெர்னன் ஒளிஞ்சிட்டிருக்கார். மார்க்கெட்ல மாநில போலீஸ் காத்திருக்கும், சொல்லிட்டேன். சாவிய எடு. போலி அண்ணனுக்குப் புத்தி வர்றதுக்குள்ள நாம அங்க போய்ச் சேரணும்."

சிப்ஸ் ஆலையின் ஓட்டுக் கூரையில் புறாக்கள் முனகிக்கொண்டிருந்தன. பழைய எண்ணெயின் சிக்கு நாற்றம் இன்னும் சுவரில் ஒட்டியிருந்தது. ஒன்பதாம் கிடங்கின் இரும்புக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ப்ரைஸ் தட்டவில்லை. வாயைக் கதவிடுக்கில் வைத்துப் பேசினார்.

"வெர்னன், நான் ஐவர் ப்ரைஸ். சொல்லாம விட்ட மூணையும் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

 பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. நான்கு நாள் தாடி, கையில் மண்வெட்டி. வெர்னன் ஃபாய் அவர்களைத் தாண்டி வெளியே பார்த்தார்.

"அண்ணன் எங்க?"

"முதல்ல உள்ள போங்க. வியாழக்கிழமை என்ன பாத்தீங்க?"

வெர்னன் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"பந்து வேலியத் தாண்டுச்சு. பைனாகுலர்ல அதோட பின்னாலயே போனேன். பாலத்து மேல ஒரு கார். கதவுல நட்சத்திரம், பக்கத்து டென்பி மாவட்ட போலீஸ் கார். ஸ்டியரிங்ல ஒருத்தன், முகம் தெரியல. வெளிய நின்ன இன்னொருத்தன் ஒரு ஆளத் தூக்கிக் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளினான். நான் மைக்ல கத்திட்டேன்." அவர் மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தார். "அந்தக் கார்ல ரேடியோ ஓடிட்டிருந்திருக்கு, ஐவர். நான் கத்தின அடுத்த நொடி அவன் தலையத் தூக்கினான். வேலி, மைதானம், ஜனம் எல்லாத்தையும் தாண்டி நேரா என் வர்ணனைக் கூண்டப் பாத்தான்."

ஸ்டெல்லா கிடங்கின் கதவை ஓசையில்லாமல் சாத்தினாள். 

"செத்தது அந்த லாரி டிரைவர்" என்றார் ப்ரைஸ். "டென்பி போலீஸ் மேல ஒரு வழக்கு நடக்குது. அவன் அடுத்த வாரம் சாட்சி சொல்றதா இருந்தான்."

"போலீஸே கொலை பண்ணினா நான் எந்தப் போலீஸ்கிட்டப் போறது? அண்ணன மட்டும் நம்பினேன். நாளுக்கு ஒரு எடமா மாறிட்டிருந்தேன். அதனால போன்ல, ஞாயித்துக்கிழமை நிகழ்ச்சியக் கேளு, நம்ம பழைய பொய் விளையாட்டுல எடத்தச் சொல்றேன்னேன். அவரு நேத்தே ஊருக்குள்ள வந்திருக்கணும். வந்து என்னப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிச்சிருப்பாரு. அவரு சுபாவம் அப்படி. பச்சைக் கலர் ப்யூக் வெச்சிருக்காரு, நீங்க பாத்தீங்களா?"

ப்ரைஸின் முகம் வெளுத்துப் போனது. ஸ்டெல்லா அதை முன்பு ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"பாஸ்..." அவள் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "அந்த ரேடியோ. காருக்குள்ள அவ்வளவு சத்தமா வெச்சானே, கண்ணாடிய வேற ஏத்திட்டு. அது மேட்ச் கேக்கறதுக்கு இல்ல."

"உள்ளேர்ந்து வர்ற சத்தம் வெளிய கேக்காம இருக்க" என்றார் ப்ரைஸ். "ஓடு!"

ஸ்டெல்லா ஓட்டினாள். சிவப்பு விளக்குகள் அவளுக்குத் தெரியவில்லை. பின் இருக்கையில் வெர்னன் முன்னால் குனிந்து, இரண்டு கைகளாலும் இருக்கையைப் பிடித்திருந்தார். 

காய்கறி மார்க்கெட் வெறிச்சோடிக் கிடந்தது. இழுத்து மூடிய கடைகளுக்கு நடுவே பச்சைக் கார் குறுக்காக நின்றது. அதன் பக்கத்தில், கையில் விலங்குடன், வைக்கோல் தொப்பி இல்லாமல், போலி அண்ணன். மாநில போலீஸ் சார்ஜென்ட் பவோனி அவன் பையிலிருந்து எடுத்த அடையாள வில்லையை ப்ரைஸிடம் நீட்டினார்.

"டென்பி மாவட்ட ஷெரிஃபோட டெபுடி. பேரு ராஸ்க். வாயே திறக்க மாட்டேங்கறான்."

"டிக்கியத் திறங்க! உடனே!"

"சாவிய எங்கயோ வீசிட்டான்."

ராஸ்க் சிரித்தான். அன்று அவன் சிரித்தது அப்போதுதான்.

ஒரு போலீஸ்காரர் இரும்புக் கம்பியை டிக்கியின் இடுக்கில் சொருகி நெம்பினார். உலோகம் கிறீச்சிட்டது. இன்னொரு நெம்பு. மூடி துள்ளித் திறந்தது.

உள்ளேயிருந்து அடுப்பைத் திறந்தது போல் சூடு வந்தது. முதியவர் ஒருவர் மடங்கிக் கிடந்தார். வாயில் துணி, கைகள் பின்னால் கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. வலது கை விரல்கள் கோணலாகத் திரும்பியிருந்தன. அசைவில்லை.

"அண்ணே!" வெர்னன் அவர் மேல் விழுந்தார். "அண்ணே, நான்தான்... என்னப் பாருங்க!"

ப்ரைஸ் கழுத்தில் விரல் வைத்தார். கண்ணை மூடிக் காத்திருந்தார். "இருக்கு. துடிப்பு இருக்கு. ஸ்டெல்லா, தண்ணி!"

நிழலில் படுக்க வைத்து முகத்தில் நீர் தெளித்ததும் எல்வுட் ஃபாயின் நல்ல கண் திறந்தது. தம்பியைக் கண்டதும் உதடு அசைந்தது.

"நீ ஏன்டா வெளிய வந்த?"

"அவன் என்னண்ணே கேட்டான் உங்களை?"

"நிகழ்ச்சியில நீ சேதி சொல்லுவேங்கறத மட்டும் விரல ஒடிச்சு வாங்கிட்டான். ரேடியோவ டிக்கிக்கே கேக்கற மாதிரி வெச்சான். அப்புறம் இங்க வர்ற வழியில ஒரு சந்துல நிறுத்தி, டிக்கியத் தொறந்து, எடம் மார்க்கெட்தானான்னு கேட்டான். இல்லேன்னா அந்தச் சேதிக்கு என்னடா அர்த்தம்னு." அவர் மூச்சு வாங்கினார். "நம்ம விளையாட்ட வெளியாளுக்குச் சொல்லித் தர முடியுமாடா?"

வெர்னன் அந்தக் கோணல் விரல்களைத் தொடவும் முடியாமல், விடவும் முடியாமல் அழுதார்.

அப்போது ஒரு கார் மெதுவாக மார்க்கெட்டுக்குள் நுழைந்தது. கதவில் நட்சத்திரம். ஆஜானுபாகுவான ஒருவர் இறங்கி, சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, கனிவான முகத்தோடு நடந்து வந்தார்.

"நான் ஹாலிஸ் க்ரம், டென்பி மாவட்ட ஷெரிஃப். வயர்லெஸ்ல கேட்டேன், உடனே ஓடி வந்தேன். என் ஆளு இப்படிப் பண்ணுவான்னு கனவுலயும் நெனைக்கல, சார்ஜென்ட். ரொம்பத் தலைகுனிவா இருக்கு." எல்வுடைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "ஐயோ பாவம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க வேணாம். இவரயும் இவர் தம்பியயும் என் கார்லயே ஏத்துங்க. ஆஸ்பத்திரிக்கு நான் கொண்டு போறேன். ராஸ்க்கையும் நானே பாத்துக்கறேன்."

"அதுவும் சரிதான்" என்றார் பவோனி. போலீஸ்காரர் ஒருவர் எல்வுடைத் தூக்கக் குனிந்தார்.

ராஸ்க்கின் முகத்திலிருந்து சிரிப்பு போயிருந்தது. அவன் ஷெரிஃபைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். ப்ரைஸ் அதைக் கவனித்தார். வெர்னனும் தலையை நிமிர்த்தினார்.

ஷெரிஃப் க்ரம் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். "நீங்கதானே வெர்னன் ஃபாய்? உங்க குரலுக்கு நான் ரசிகன். கார்ல எப்பவும் உங்க ஆட்டம்தான் ஓடும்."

வெர்னன் எழுந்தார்.  வாயைத் திறந்தபோது வந்தது, ஊர் முழுக்கக் கேட்டுப் பழகிய அந்தக் கணீர்க் குரல்.

"சார்ஜென்ட், அண்ணன அந்தக் கார்ல ஏத்தாதீங்க. வியாழக்கிழமை பாலத்து மேலேர்ந்து அந்த டிரைவரத் தள்ளினது இந்த ஆளு. இந்த முகம்தான் என்னப் பாத்துச்சு. எந்தக் கோர்ட்ல வேணா சொல்றேன்."

மூடிய கடைத் தகரங்களில் பட்டு அந்தக் குரல் திரும்பி வந்தது. ஷெரிஃபின் புன்னகை இருந்த இடத்திலேயே உறைந்திருந்தது. அவர் வலது கை மட்டும், அவருக்கே தெரியாதது போல, இடுப்புப் பட்டையை நோக்கி நகர்ந்தது.

"ஷெரிஃப்" என்றார் பவோனி, மிக மரியாதையாக. அவர் துப்பாக்கி ஏற்கெனவே உறையை விட்டு வெளியே வந்திருந்தது. "கையக் கார் மேல வைங்க. ரெண்டு கையயும்."

வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. ஷெரிஃப் ஹாலிஸ் க்ரம், சுட்டுப் பொசுக்கும் அந்தக் காரின் கூரை மேல், விரல்களை ஒவ்வொன்றாக விரித்து வைத்தார்.